ஏழூர்க் கைவினை: நீலமலைக் கோத்தரும் மரபுக் காப்பும்

தலைநகர்த் தில்லியில் வாழும் தமிழருள் பலர் பிரகதி மைதானத்தை அடுத்துள்ள கைவினை அருங்காட்சியகத்தை ஒருமுறையேனும் கண்டிருப்பர். 1972ஆம் ஆண்டு நடைபெற்ற ஆசியப் பொருட்காட்சிக்காக அங்கே ஒரு சிற்றூர் அமைக்கப்பெற்றது. இமயச் சாரலின் குலு வீடும், நாகர் குடிலும், நிக்கோபார்த் தீவின் குடிசையும் ஒன்றையொன்று நோக்கி நிற்கும் அவ்வூர், காட்சி முடிந்த பின்னும் கலைக்கப்படாமல் நிலைபெற்றது. நாட்டின் பல பகுதிகளிலிருந்து கைவினைஞர் முறைவைத்து வந்து தங்கி, காண்போர் முன்னிலையில் தம் தொழிலைச் செய்து காட்டும் வழக்கமும் அங்கு ஏற்பட்டது.

இத்தகைய ஊர்களுக்கெல்லாம் முன்னோடி சுவீடன் நாட்டிலுள்ள ஸ்கான்சென் ஆகும். ஆலைத்தொழில் பெருகப் பெருக நாட்டுப்புற வாழ்வு கண்முன்னே தேய்ந்து வருவதைக் கண்ட ஆர்தூர் ஹசேலியஸ் என்பார், பல பகுதிகளிலிருந்து பழைய வீடுகளைப் பெயர்த்துக் கொணர்ந்து, 1891இல் ஸ்டாக்ஹோம் நகரில் அதனை நிறுவினார். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பெற்ற தட்சிணசித்திராவும் இவ்வழி வந்ததே. வீட்டை மட்டும் காட்டாமல் வீட்டில் நிகழ்ந்த வாழ்வையும் தொழிலையும் காட்ட முயல்வதால் இவற்றை வாழும் மரபூர்கள் என்று நாம் அழைக்கலாம்.

இவ்வூர்களின் பயனை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. இவை இல்லையேல் நகரத்துச் சிறுவர் பலர் குயவர் சக்கரத்தைக் கண்ணாலும் கண்டிரார். ஆயினும் ஒரு வினா எழுகின்றது. காண வந்தவர்க்காக வனையப்படும் பானையும், பக்கத்து ஊரார்க்குக் கடமையாக வனையப்படும் பானையும் ஒன்றாகுமா? மண்ணும் கையும் முறையும் ஒன்றாக இருக்க, இடையில் எது மாறுகின்றது? இவ்வினாவுக்கு விடை காண நம் நீலகிரி மலையும், அங்குள்ள கோத்தர்தம் ஏழு ஊர்களும் நமக்குப் பெரிதும் துணைபுரியும்.

நீலமலையும் அதன் மக்களும்

நீலகிரியின் மேட்டுநிலம் பெரும்பகுதி 6,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் அமைந்தது. அதன் தலையாய கொடுமுடியாகிய தொட்டபெட்டா 8,600 அடிக்கு மேல் உயர்ந்தது. சுற்றிலும் செங்குத்தான சரிவுகளும் காய்ச்சல் மிகுந்த அடிவாரக் காடுகளும் அரண் செய்தமையால் மலைமேல் வாழ்ந்தோர் சமவெளியோடு அளவோடே தொடர்பு கொண்டிருந்தனர். எனினும் வரலாறு அவர்களை முற்றிலும் மறந்துவிடவில்லை. போசள மன்னன் விட்டுணுவர்த்தனனின் படைத்தலைவன் புணிசன், தோடரை அச்சுறுத்தி நீலமலையைக் கைக்கொண்ட செய்தியை 1117ஆம் ஆண்டுக் கன்னடக் கல்வெட்டு ஒன்று கூறுகின்றது. 1603இல் பினிசியோ என்னும் ஏசு சபைத் துறவியார் மலையாளக் கரையிலிருந்து மலையேறிச் சென்று தோடரையும் படகரையும் கண்டு எழுதியுள்ளார். 1819இல் கோயம்புத்தூர் ஆட்சியர் சான் சல்லிவன் மலைமேல் ஏறிய பின்னரே மலையின் பழைய ஒழுங்கு குலையத் தொடங்கியது.

அப்பழைய ஒழுங்கில் ஒவ்வொரு குடியும் தனக்கென ஒரு வாழ்வைக் கொண்டிருந்தது. தோடர் புல்வெளிகளில் எருமை மேய்த்தனர். அவர்தம் சிற்றூர்கள் மந்து எனப்பட்டன. படகர் உழுதனர், விசயநகரப் பேரரசின் வீழ்ச்சியை ஒட்டிய காலத்தில் மைசூர்ப் பகுதியினின்று அவர்கள் குடியேறினர் என்பது அறிஞர் பலர் கருத்து. குறும்பரும் இருளரும் சரிவுக் காடுகளில் வாழ்ந்து தேனும் பிற காடுபடு பொருளும் தந்தனர். கோத்தரோ கைவினையாளர். தாமும் சிறிது உழுது, எருமை வளர்த்தனரெனினும், மலைமக்கள் அனைவர்க்கும் வேண்டிய கருவியும் கலமும் அவர்கள் கையினின்றே பிறந்தன.

தோட மொழியும் கோத்த மொழியும் தமிழின் கொச்சை வடிவங்கள் என ஒருகாலத்தில் கருதப்பட்டதுண்டு. அக்கருத்துத் தவறு. அவை தென்திராவிடக் குடும்பத்தில் தமிழுக்கு நெருங்கிய உறவுடையனவாய், மிகப் பழங்காலத்திலேயே பிரிந்து தனித்து வளர்ந்த மொழிகள். இவ்வுண்மையை ஐயத்திற்கு இடமின்றி நிறுவியவர் எமனோ என்னும் மொழியறிஞர். 1935 முதல் 1938 வரை இந்தியாவில் தங்கி ஆய்ந்த அவர் தொகுத்த கோத்த மொழிக் கதைகளும் வழக்குகளும் 1944 முதல் 1946 வரை நூலாக வெளிவந்தன. அவற்றை அவருக்குச் சொல்லியவர் சுள்ளி என்னும் கோத்தர். அப்பெருமகனாரை நாம் மீண்டும் சந்திப்போம்.

ஏழு கோக்கால்கள்

கோத்தர் ஊர் கோக்கால் எனப்படும். அத்தகைய ஊர்கள் ஏழே. திருச்சிக்கடி, கொல்லிமலை, சோலூர்க் கோக்கால், குந்தா கோத்தகிரி, புதுக் கோத்தகிரி, கீழ்க் கோத்தகிரி ஆகிய ஆறும் மேட்டுநிலத்தில் உள்ளன. ஏழாவது மேற்கே தாழ்வான கூடலூர்ப் பக்கத்தில் உள்ளது. ஈண்டுக் கூறிய கொல்லிமலை, ஓரி ஆண்ட கொல்லிமலை அன்று. நீலகிரியில் உள்ள சிற்றூர். மலைமேல் ஏறுவோர் இன்று முதலில் அறியும் கோத்தகிரி என்னும் நகர்ப்பெயரிலும் இம்மக்களின் பெயர் நிலைத்திருப்பதைக் காணலாம். ஒவ்வொரு கோக்காலிலும் கேரி எனப்படும் தெருக்கள் உண்டு. ஒரு கேரியார் தமக்குள் மணம் செய்து கொள்வதில்லை. நடுவே கோயில் வெளியும், அங்கே அய்யனோர், அம்மனோர் என அவர்கள் வழிபடும் தெய்வங்களின் இடமும் இருக்கும்.

இவ்வேழு ஊர்களிலும் வாழ்ந்தோர் தொகை எக்காலத்தும் பெரிதாக இருந்ததில்லை. 1901ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் கோத்தர் 1,300 பேருக்கும் குறைவாகவே இருந்தனர். ஆனால் அவர்கள் செய்த தொழில்களை எண்ணிப் பார்க்குங்கால் வியப்பு மேலிடுகின்றது. கொல்லுலையில் அரிவாள், கோடரி, கத்தி, மண்வெட்டி முதலிய இரும்புக் கருவிகளை வடித்தனர். வெள்ளியாலும் பொன்னாலும் அணி செய்தனர். மரவேலை செய்தனர், தோல் பதனிட்டனர், கயிறு திரித்தனர். மகளிர் மண்கலம் வனைந்தனர். இவற்றோடு, மலையின் இசைவாணரும் அவர்களே. ஊதுகருவிகளும் கொம்பும் தோற்கருவிகளும் கொண்டு அவர்கள் எழுப்பிய இசை, தம் கோயில் விழாவுக்கு மட்டுமன்றித் தோடர், படகர் இல்லத்து இறப்புச் சடங்குகளுக்கும் இன்றியமையாததாக இருந்தது. சமவெளியில் பல குலத்தார் பகுத்துக் கொண்ட தொழில்களை மலைமேல் ஒரே குடியினர், ஏழே ஊரினர் ஏற்று நடத்தினர்.

இப்பொருள்கள் சந்தைக்குச் செல்லவில்லை. விலை பேசி விற்கப்படவுமில்லை. ஒவ்வொரு கோத்தக் குடும்பத்துக்கும் இன்ன படகக் குடும்பங்கள், இன்ன தோடக் குடும்பங்கள் என்று உறவு வகுக்கப்பட்டிருந்தது. அவ்வுறவு தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்கியது. படகர் வீட்டில் பானை உடைந்தாலும் அரிவாள் மழுங்கினாலும் அவர் தமக்குரிய கோத்தரிடமே செல்வர். கோத்தர் மறுத்தல் இயலாது. அறுவடைக் காலத்தில் விளைச்சலில் ஒரு பங்கைப் படகர் அளப்பர். அதனையும் மறுத்தல் இயலாது. தோடர் நெய்யும் எருமையும் தந்தனர். இறப்புச் சடங்கில் பலியிடப்பெறும் எருமைகளின் உடலும் கோத்தர்க்கே உரியதாயிற்று. ஆகவே ஒரு கோடரி ஓர் ஆண்டின் உறவுக்கணக்கில் ஓர் உருப்படி. அதற்குத் தனிவிலை கிடையாது.

1937இல் கோத்தரிடையே ஆய்வைத் தொடங்கிய மாந்தவியலார் மண்டல்பாம் இவ்வொழுங்கை விரிவாக ஆராய்ந்தார். அவர் எழுத்துகளைப் பயிலும்போது, நமக்குத் தொல்காப்பியம் நினைவுக்கு வருகின்றது. நிலத்தின் கருப்பொருள்களை எண்ணும் அந்நூல், தெய்வத்தையும் உணவையும் விலங்கையும் மரத்தையும் பறவையையும் பறையையும் தொழிலையும் யாழையும் ஒரே வரிசையில் வைத்தது. நிலத்திலிருந்து தொழிலைப் பிரித்து, தொழிலிலிருந்து பறையைப் பிரித்து, பறையிலிருந்து தெய்வத்தைப் பிரித்து நோக்கும் வழக்கம் நம் முன்னோர்க்கு இல்லை. கோக்காலிலும் அதுவே நிலை. கொல்லுலையும் குழலும் மண்கலமும் வழிபாடும் ஒரே வாழ்வின் உறுப்புகளாக இயங்கின.

உறவின் மறுபக்கம்

இவ்வளவில் நின்று, பழைய காலம் பொற்காலம் என்று பாடிவிட்டால் நாம் வரலாற்றுக்குத் தவறிழைத்தவர் ஆவோம். அவ்வுறவில் உயர்வு தாழ்வு இருந்தது. செத்த எருமையின் ஊனை உண்டதாலும், சாவு வீட்டில் இசைத்ததாலும் கோத்தரைத் தோடரும் படகரும் தம்மினும் தாழ்ந்தோராகவே நடத்தினர். கருவியை வாங்கியவர் கருவி செய்தவரை வீட்டின் உள்ளே அழைக்கவில்லை. தாம் செய்து தந்த பொருளின்றி ஒருநாளும் வாழ இயலாத அயலாரிடம் தாமே ஒதுங்கி நிற்க வேண்டியிருந்த அந்நிலை கோத்தர் நெஞ்சில் ஆறாத புண்ணாக இருந்தது.

அப்புண்ணுக்கு மருந்து தேடியவர்களுள் முதல்வர், முன்னர்க் கூறிய சுள்ளி. ஏழு ஊர்க்குள் ஆங்கிலம் கற்று ஆசிரியரானவர். எமனோவுக்கும் மண்டல்பாமுக்கும் தம் மக்களின் கதையையும் மொழியையும் வாரி வழங்கியவர். அவரே தம் மக்கள் பழைய வழக்கங்கள் பலவற்றை விட்டொழிக்க வேண்டும் என்றும் வாதிட்டார். நீண்ட கூந்தலைக் கத்தரித்தார்; செத்த விலங்கின் ஊனைத் துறக்கச் சொன்னார்; பிறர் சாவுக்குச் சென்று இசைக்கும் ஊழியத்தை எதிர்த்தார். ஊரார் பகைத்தனர், பின்னர்ச் சிறிது சிறிதாகப் பின்பற்றினர்.

இஃது ஆழ்ந்து நோக்கத்தக்க செய்தி. தம் மரபை ஏட்டில் ஏற்றி அழியாமற் காத்தவரும், அம்மரபின் ஒரு கூற்றை ஒழிக்கப் பாடுபட்டவரும் ஒருவரே. இதனை முரண் என்று நாம் கொள்ள வேண்டியதில்லை. மரபை உள்ளிருந்து வாழ்பவர்க்கு எது உயிர், எது விலங்கு என்று பகுத்தறியும் உரிமை உண்டு. வெளியிலிருந்து காக்க வருவோர் அவ்வுரிமையை மறந்து, ‘ஐயோ, பழைய இசை போயிற்றே’ என்று மட்டும் வருந்துவாராயின், அவர் வருத்தம் தாழ்த்தப்பட்டவர் தோளில் ஏற்றிய சுமையாகும்.

முறிவு

கோத்தர் சிலர் விலக நினைத்த அதே காலத்தில் உறவின் மறுமுனையும் அவிழ்ந்து கொண்டிருந்தது. காரணங்கள் பல. முதலாவது, மக்கள்தொகை. 1901இல் படகர் 34,000 பேருக்கு மேல் பெருகியிருந்தனர். ஆயிரத்துச் சொச்சம் கோத்தர் அத்தனை வீட்டாருக்கும் பானையும் கருவியும் இசையும் எவ்வாறு வழங்க இயலும்? இரண்டாவது, சந்தை. உதகையும் குன்னூரும் கோத்தகிரியும் நகரங்களாயின. 1899இல் குன்னூர் வரையும் 1908இல் உதகை வரையும் புகைவண்டி ஏறியது. ஆலையில் செய்த இரும்புக் கருவியும் உலோகப் பாத்திரமும் கடைகளில் குவிந்தன. மூன்றாவது, பணம். தானியம் விளைந்த நிலத்தில் உருளைக்கிழங்கும் தேயிலையும் பயிராயின. தானியப் பங்கை அளந்து கொடுக்கலாம். தேயிலைக் கொழுந்தில் பங்கு கொடுத்தால் கோத்தர் அதனை உண்ண முடியுமா?

நான்காவது காரணம் மனமாற்றம். கல்வி கற்ற படகர் சிலர், சாவு வீட்டில் கோத்தர் இசை தம் புதிய மதிப்புக்கு ஒவ்வாது என்று கருதினர். 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர்களிடையே இது குறித்துப் பெரும்பிளவே ஏற்பட்டது. இசை வேண்டும் என்பாரும் வேண்டா என்பாரும் இரு கட்சிகளாகப் பிரிந்தனர். இதற்கிடையே 1924இல் பரவிய கொள்ளைக் காய்ச்சல் கோத்தர் ஊர்களைத் தாக்கி, மூத்தோர் பலரைக் கொண்டு சென்றது. மூத்தோர் இறந்தால் தொழிலின் நுட்பமும் உடன் இறக்கும் என்பதை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இவ்வாறு 1940ஆம் ஆண்டளவில் பழைய கொடுக்கல் வாங்கல் பெரும்பாலும் அற்றுப் போயிற்று. கோத்தர் உழவிலும் தேயிலையிலும் முனைந்தனர், பள்ளி சென்றனர், அரசுப் பணிகளிலும் வங்கிகளிலும் அமர்ந்தனர். அவர்கள் வாழ்வு வளம் பெற்றது, தலை நிமிர்ந்தது. கொல்லுலைகள் ஒன்றன்பின் ஒன்றாக அவிந்தன. ஒருவரும் கோத்தரைத் தடுக்கவில்லை. கொல்லுத்தொழில் செய்யாதே என்று ஆணை பிறக்கவுமில்லை. கேட்டு வருவோர் இல்லாமற் போயினர், அவ்வளவே.

ஊசியும் கூரையும்

கோத்தரின் கொல்லுத்தொழிலோடு தோடரின் இரு கைவினைகளை ஒப்பிட்டால் செய்தி இன்னும் தெளிவாகும். தோடர் போர்த்தும் பூத்துக்குளி என்னும் வெண்ணிறப் போர்வையில் மகளிர் செந்நூலாலும் கருநூலாலும் பூவேலை செய்வர். துணியில் கோடு வரைந்து கொள்வதில்லை. இழைகளை எண்ணியே ஊசியைச் செலுத்துவர். வேலைப்பாடு நெய்தாற்போல் தோன்றும். எருமைக் கொம்பும் ஞாயிறும் பாம்பும் கோலங்களாக அமையும். விழாவுக்கும், இறந்தோரைப் போர்த்துவதற்கும் உரியதாக இருந்த இவ்வேலைப்பாடு, இன்று தோள்துண்டாகவும் கைப்பையாகவும் மேசை விரிப்பாகவும் நகரக் கடைகளுக்கு வருகின்றது. 2013இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வேண்டியவை துணியும் நூலும் ஊசியும் மட்டுமே. துணி என்றும் மலையில் நெய்யப்பட்டதன்று; சமவெளியிலிருந்தே வந்தது. எனவே மகளிர் தம் வீட்டு முற்றத்திலிருந்தே இத்தொழிலைத் தொடர முடிகின்றது. எவர்க்கும் தாழ்ந்து நிற்கும் இழிவும் இதில் இல்லை. ஆகவே இது பிழைத்தது.

தோடரின் கூரையின் கதை வேறு. அவர்தம் பழைய வீடு அரைப்பீப்பாயைக் கவிழ்த்தாற்போன்ற வடிவினது. மூங்கிலையும் பிரம்பையும் வளைத்துக் கட்டி, புல் வேய்ந்து, குனிந்தும் தவழ்ந்தும் நுழையத்தக்க சிறு வாயில் வைத்து அதனை அமைப்பர். மலைக்குளிருக்கும் பெருமழைக்கும் அது தக்க காப்பு. கோயில்களும் இவ்வகையினவே, உதகையை அடுத்த முத்தநாடு மந்தில் கூம்பு வடிவக் கோயில் ஒன்று உயர்ந்து நிற்பதைப் பலரும் கண்டிருப்பர். வேயும் புல் எங்கும் கிடைப்பதன்று; மேட்டுநிலத்துச் சதுப்புகளில் வளர்வது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் வெள்ளையர் கொணர்ந்த தைல மரமும் சீகை மரமும், பின்னர்த் தேயிலையும் காய்கறித் தோட்டமும், அணைகளும் அச்சதுப்புகளையும் புல்வெளிகளையும் பெரும்பாலும் விழுங்கிவிட்டன. புல் இல்லாத இடத்தில் வேய்வோர் கை என்ன செய்யும்? ஆகவே தோடர் பெரும்பாலோர் ஓட்டு வீட்டிலும் காரை வீட்டிலும் வாழ்கின்றனர். ஆனால் கோயிற்கூரையை மட்டும், எவ்வளவு தொலைவு நடந்தாயினும் உரிய புல்லையும் பிரம்பையும் கொணர்ந்து, ஆடவர் கூடிச் சடங்கு முறைப்படி புதுப்பிக்கின்றனர்.

ஊசிவேலைக்குக் கை போதும். கூரைக்கு நிலம் வேண்டும். கொல்லுலைக்கும் இசைக்கும் அயலார் உறவு வேண்டும். ஒரே மலையில், ஒரே நூற்றாண்டில், மூன்று கைவினைகள் மூன்று விதமாக முடிந்தமைக்குக் காரணம் இதுவே. மூன்றையும் ஒரே காட்சிக்கூடத்தில் வைத்து ஒரே முறையில் காத்துவிடலாம் என்று எண்ணுவோர் இவ்வேறுபாட்டைக் கருதுவதில்லை.

மண்ணெடுக்கும் நாள்

கோத்தரின் மண்கலத் தொழில் என்னாயிற்று? அன்றாடப் புழக்கத்திலிருந்து அதுவும் விலகியது. மலைமேல் எந்த வீட்டிலும் சோறு மண்பானையில் பொங்குவதாகச் சொல்ல இயலாது. ஆயினும் அஃது அற்றுவிடவில்லை. கோக்காலில் குளிர்காலத்தில் நாள் பலவாக நடைபெறும் தெய்வத் திருவிழாவில், மகளிர் கூடிச் சென்று மண்ணெடுத்து வந்து கலம் வனைதல் ஒரு சடங்காக விளங்குகின்றது. அந்நாளில் ஆடவர் இசைக்கின்றனர். அலுவலகம் செல்லும் மகளிரும், நகரத்தில் வாழும் மகளிரும் விழாவுக்கு ஊர் திரும்புகின்றனர். பிறர் சாவுக்கு இசைக்க மறுத்த அதே குடியினர் தம் தெய்வத்தின் முன் தம் இசையைக் குறைவின்றி இசைக்கின்றனர்.

சுள்ளியின் வாழ்வில் நாம் கண்ட வேறுபாடு இங்கே ஊர் முழுவதன் முடிவாக வெளிப்படுகின்றது. கோத்தர் தம் மரபை விட்டுவிடவில்லை. தாழ்வைத் தந்த பகுதியைக் கழித்து, தெய்வத்தோடும் ஊரோடும் பிணைந்த பகுதியை வைத்துக் கொண்டனர். எந்த அருங்காட்சியகமும் அவர்களுக்கு இதனைக் கற்பிக்கவில்லை. கேட்போர் இருந்ததனால் தொழில் நின்றது. அயலார் கேட்பது நின்றபோது தெய்வம் கேட்டது எனலாம்.

தமிழ் பயில்வோராகிய நமக்கு இதில் தனிப்பட்ட அக்கறை ஒன்றும் உண்டு. தமிழில் கொம்பு எனப்படுவது கோத்த மொழியில் கொப் என ஒலிக்கும். நம் தம்பட்டத்தின் உறவுச்சொல் அவர்களிடம் தபட்க் என வழங்கும். பரோவும் எமனோவும் 1961இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியைப் புரட்டுவோர், தமிழ்ச் சொல்லின் பக்கத்திலேயே கோத்தச் சொல்லும் தோடச் சொல்லும் வரிசை வரிசையாக நிற்பதைக் காண்பர். அவ்வகராதிக்குச் சொல் தந்தவர் உலையருகில் அமர்ந்தவரும் களிமண் பிசைந்தவரும் எருமை கறந்தவருமே. ஒரு கருவி புழக்கத்திலிருந்து மறைந்தால் அதன் உறுப்புகளின் பெயர், அதனைச் செய்யும் வினைகளின் பெயர், செய்கையில் நேரும் பிழைகளின் பெயர் அனைத்தும் மெல்ல மறையும். கண்ணாடிப் பேழையில் கோடரியை வைக்கலாம். அதனை வடித்தவர் உலையருகே மகனை நோக்கிக் கூறிய சொல்லை எப்பேழையில் வைப்பது? மொழியறிவுக்கும் கைவினைக் காப்புக்கும் உள்ள உறவை நம் தமிழ்ச் சங்கங்கள் இன்னும் போதிய அளவு உணரவில்லை.

அயல்நாட்டு மலையூர் ஒன்று

உறவைக் காத்ததனால் கைவினையைக் காத்த மலையூர் உலகில் வேறு எங்கேனும் உண்டா என்று கேட்போர்க்கு, சப்பான் நாட்டின் சிரகவாகோ பகுதியிலுள்ள ஓகிமாச்சி என்னும் ஊரைச் சுட்டலாம். பனி மிகுந்த அம்மலைப்பள்ளத்தில், கூப்பிய கைகளைப் போலச் செங்குத்தான வைக்கோற்கூரை கொண்ட பெருவீடுகள் உள்ளன. கூரைச் சட்டங்கள் ஆணியின்றிக் கயிற்றாலும் இளங்கொம்பாலும் பிணைக்கப்பட்டவை. கூரையின் கீழ்ப் பரண்களில் பட்டுப்புழு வளர்த்தனர். ஒரு வீட்டின் கூரையை முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிதாக வேய வேண்டும். அதற்கு நூற்றுக்கு மேற்பட்டோர் கூடி உழைக்க வேண்டும். இன்று உன் வீட்டுக்கு நான், நாளை என் வீட்டுக்கு நீ என்னும் அக்கூட்டுழைப்புக்கு ‘யுயி’ என்று பெயர்.

இருபதாம் நூற்றாண்டில் அணைக்கட்டுகளாலும் நகரக் குடியேற்றத்தாலும் இவ்வகை வீடுகள் வேகமாகக் குறைந்தன. அப்போது 1971இல் ஓகிமாச்சி மக்கள் தாமே கூடி மூன்று உறுதி பூண்டனர். வீட்டை விற்பதில்லை, வாடகைக்கு விடுவதில்லை, இடிப்பதில்லை என்பன அவை. 1995இல் அவ்வூர் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. உறுதி முதலில் வந்தது. அறிவிப்பு இருபத்து நான்கு ஆண்டுகள் கழித்து வந்தது என்பதை நாம் கருத வேண்டும். இன்று அங்கும் சுற்றுலாக் கூட்டம் நெருக்குகின்றது. இளைஞர் தொகை குறைகின்றது. ஆயினும் அங்கே காக்கப்படுவது வெறுங்கூரை அன்று. கூரை வேயக் கூடும் கைகளே காக்கப்படுகின்றன.

நாம் செய்யத்தக்கது

மீண்டும் நீலமலைக்கு வருவோம். உதகையில் அரசின் தாவரவியல் பூங்காவுக்கு மேலுள்ள தோடர் மந்துக்குச் சுற்றுலா வருவோர் பலர் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புகின்றனர். வாழும் மனிதரின் வீட்டு முற்றம் அவர்களுக்குக் காட்சிப்பொருளாகி விடுகின்றது. மரபூர் என்பதன் பொருள் இதுவாக இருத்தல் ஆகாது. நம் ஆய்வில் கண்டவற்றைக் கொண்டு சில கருத்துகளை முன்வைக்கலாம்.

ஒன்று: கைவினையைக் காக்க விரும்புவோர் முதலில் அதன் நிலத்தைக் காக்க வேண்டும். சதுப்புப் புல்லும் பிரம்பும் களிமண் எடுக்கும் இடமும் இல்லாமல் எத்தனை பயிற்சி வகுப்பு நடத்தினும் பயனில்லை. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் காட்டுப் பொருள்மீதும், மரபறிவின்மீதும் பழங்குடியினரின் கூட்டுரிமையை ஏற்கின்றது. அவ்வுரிமை ஏட்டளவில் நில்லாது மலையேற வேண்டும்.

இரண்டு: விலை. தோடப் பெண்டிர் ஒரு போர்வைக்குச் செலவிடும் நாள்களை எண்ணி அதற்கேற்ற கூலியை அவர்கள் பெற வேண்டும். புவிசார் குறியீடு பெயரைக் காக்கும். கையைக் காப்பது நேர்மையான விலையே. ஆலையில் அச்சிட்ட போலித் துணியை மலிவென்று வாங்கி மகிழ்வோர் நம்முள்ளும் உளர்.

மூன்று: மறுக்கும் உரிமை. எதனைத் தொடர்வது, எதனை விடுவது, எதனை அயலார்க்குக் காட்டுவது, எதனைக் காட்டாமல் வைத்துக் கொள்வது என்பதை முடிவு செய்வோர் அவ்வூராரே ஆதல் வேண்டும். சுள்ளியின் வாழ்வு நமக்கு உணர்த்துவது இதுவே. தாழ்வோடு பிணைந்த ஒரு வழக்கத்தை மரபு என்னும் பெயரால் மீண்டும் அவர்கள் தோளில் ஏற்ற எவர்க்கும் உரிமை இல்லை.

நான்கு: சொல். ஒரு கைவினையைப் படம் பிடிப்போர், செய்வோரின் மொழியிலேயே ஒவ்வொரு கருவிக்கும் செயலுக்கும் உரிய பெயரைப் பதிவு செய்தல் வேண்டும். கோத்த இளைஞரும் தோட இளைஞரும் இன்று பட்டம் பெற்றவர்களாக உள்ளனர். அவர்களே இப்பணியைச் செய்ய, நம் போன்ற சங்கங்கள் அச்சுச் செலவை ஏற்பது பெருந்தொண்டாகும்.

இந்நான்கும் கைகூடினால் தில்லியிலும் முட்டுக்காட்டிலும் உள்ள மரபூர்கள் பொருள் நிறைந்தனவாகும். அவை மூலத்திற்கு மாற்றாக நில்லாமல் மூலத்திற்கு வழிகாட்டும் கைகாட்டிகளாக நிற்கும். அடுத்த முறை நாம் கைவினை அருங்காட்சியகத்தில் ஒரு பானையைக் கையில் எடுக்கும்போது, இதன் விலை என்ன என்று கேட்பதற்கு முன், இது யாருக்காக வனையப்பட்டது, அவர்கள் இன்னும் இதனைக் கேட்கின்றனரா என்று கேட்போமாக. நீலமலையின் ஏழூர்களில் குளிர்காலம் வரும்போது, மகளிர் மண்ணெடுக்கப் புறப்படுகின்றனர். அங்கே அக்கேள்விக்கு விடை இன்னும் இருக்கின்றது.